பச்சை நூல் கட்டிய மவுத்பீஸ்

பேண்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிளாரினெட் மவுத்பீஸ்களை மூட்டை கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வருவதை நிறுத்துங்கள். போன மாதம் மூன்று பேர் வந்தீர்கள். கிளாரினெட் மூன்று, அதற்கு வாய் பதினொன்று. நான் எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொன்றிலும் அரை நிமிஷம் பீப்பீ என்று ஊதிவிட்டு, "எது நல்லது அங்கிள்?" என்று என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் பதில் சொல்வதற்குள் உங்களில் ஒருவர் கேட்டலாக்கை விரித்து, இதைத்தான் சிறந்தது என்று போட்டிருக்கிறான் என்றார். அப்புறம் என்னை எதற்குக் கேட்க வேண்டும்?

பதினொன்றுக்கும் ஒரே ரீடை, அந்த ஒரே நாணல் பட்டையை, மாற்றி மாற்றிக் கட்டினீர்கள். மவுத்பீஸின் திறப்பு அகலமாக இருந்தால் அதற்கு ஒரு ரீடு, குறுகலாக இருந்தால் வேறு ரீடு. ஒருத்தன் செருப்பை ஊரார் காலில் எல்லாம் மாட்டிப் பார்த்து, யார் கால் கோணல் என்று தீர்ப்புச் சொல்கிற வேலை இது. நாலாவதுக்கு வரும்போதே உங்கள் உதடு செத்துவிட்டது. அதற்குமேல் தங்கத்தில் செய்து கொடுத்தாலும் தகரச் சத்தம்தான் வரும். இதையெல்லாம் எத்தனை தடவை சொல்வது?

அன்றைக்கு எரிச்சலில் உங்களை அனுப்பிவிட்டேன். நீங்கள் கேட்டைத் தாண்டிய பிறகு என் வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. அதனால்தான் இப்போது பேனாவைப் பிடித்திருக்கிறேன். நான் ஒரு மவுத்பீஸைத் தேர்ந்தெடுத்த கதையைச் சொல்கிறேன். நான் தப்பாகச் செய்தவை குறைவு. அந்தக் குறைவில் இதுதான் பெரியது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. தோட்டத்தில் பிறந்தவன். விடியுமுன்னே கித்தாக் காட்டில், அதுதான் ரப்பர் மரக்காட்டில், பால் பிடிக்கும் மங்கு துடைத்த கை இது. பதினாலு வயதில், இனி இந்தக் கித்தா வாடையே வேண்டாம் என்று ஒரு மாற்றுச் சட்டையோடு மலாக்கா டவுனுக்கு வந்தேன். யாரும் கைபிடித்துக் கூட்டி வரவில்லை. கிளேபாங்கில் ஒரு சீனத் தவுக்கேயின் லோரிப் பட்டறையில் சேர்ந்தேன். பகலில் கிரீஸ், பொழுது சாய்ந்தால் கிளாரினெட். இருபது வயதில் காஜா பேராங் வட்டாரத்து பேண்டில் முதல் கிளாரினெட் நாற்காலி என்னுடையது. கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர்கள் ஐயரைக் கேட்டுவிட்டு அடுத்து என்னைத்தான் கேட்பார்கள். மணி வருவானா, மாட்டானா என்று தெரிந்த பிறகுதான் பத்திரிகை அச்சுக்குப் போகும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அப்போது இருந்தவர்கள் யாராவது இருந்தால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பேண்டை நடத்தியவரை நாங்கள் மாஸ்டர் என்போம். ஜப்பான் சண்டைக்கு முன்னால் சிங்கப்பூரில் ஒரு பட்டாள பேண்டில் ஊதியவர். கல்யாணமானாலும் சாவானாலும் கோயில் ஊர்வலமானாலும் முகத்தில் ஒரே மாதிரிக் கடுகடுப்பு. நோட்டு படிக்க எனக்குக் கற்றுக் கொடுத்தது அவர்தான். தமிழ் எழுத்தைவிட அந்த முட்டை எழுத்து எனக்குச் சீக்கிரம் வந்தது.

இரண்டாவது கிளாரினெட் கோபால். அவன் காஜா பேராங் சிட்டி வீட்டுப் பிள்ளை, எப்போதோ மலாக்காவில் குடியேறிய தமிழர் வழி. நெற்றியில் விபூதி இருக்கும், வாயில் தமிழ் இருக்காது. அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக மலாய்தான். எங்களுக்குள் பேச்சும் மலாய்தான், அதைத் தமிழாக்கி எழுதுகிறேன். அவனுடைய சின்னம்மா வீட்டுப் பின்கட்டில்தான் நானும் என் சம்சாரம் பாக்கியமும் ஒரு பலகை அறையில் வாடகைக்கு இருந்தோம். அந்த அம்மாளை மக்சிக் என்று கூப்பிடுவேன்.

மெர்டேக்கா கிடைத்து நாடு சுதந்திரமான மறுவருஷம். வெள்ளைக்கார வாத்தியக்காரர்கள் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். கோலாலம்பூரில் அரசாங்கத்து பேண்ட் ஒன்றுக்கு உள்ளூர் ஆட்களைச் சேர்க்கிறார்கள், மலாக்காவுக்கே வந்து ஊதச் சொல்லிப் பார்க்கப்போகிறார்கள் என்று மாஸ்டர் செய்தி கொண்டுவந்தார். கிளாரினெட்டுக்கு ஓர் இடம். மாதச் சம்பளம், குவார்ட்டர்ஸ், வயதான பிறகு பென்ஷன். பாக்கியம் அப்போது எட்டு மாதம். மழை பெய்தால் எங்கள் அறையில் மூன்று இடத்தில் வாளி வைக்க வேண்டும். எனக்கு அந்த இடம் எவ்வளவு வேண்டியிருந்தது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்தேன். ஐந்தாம் நாள் எழுந்து கிளாரினெட் பெட்டியைத் திறந்தால், மவுத்பீஸைக் காணோம்.

"பாக்கியம், இதுல இருந்தது எங்க?"

"அடுப்படியில காய வச்சிருக்கேன். காய்ச்சக்கார வாய் பட்டதாச்சே. கிளாசு, கரண்டி எல்லாத்தோட சேத்துச் சுடுதண்ணியில போட்டு எடுத்தேன்."

"எவ்வளவு நேரம் போட்ட?"

"நல்லாக் கொதிக்கிற வரைக்கும்."

போய்ப் பார்த்தேன். மையாகக் கறுத்திருந்த சாமான் அழுகின கத்தரிக்காய் நிறத்தில் கிடந்தது. ரீடு உட்காரும் முகம் வளைந்திருந்தது. மூக்கருகில் கொண்டுபோனேன். நான் எந்த வாடையை விட்டு ஓடி வந்தேனோ, அதே தோட்டத்து வாடை.

மாஸ்டர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"கித்தாவைக் கொதிக்க வச்சா வளையாம என்ன செய்யும்?"

"இது கித்தாவா மாஸ்டர்?"

"பின்ன என்ன, கருங்காலிக் கட்டைன்னு நெனச்சியா? கித்தாவுல கந்தகத்தைப் போட்டு இறுக்கிச் செய்யறது. உங்க தோட்டத்துப் பால்தான் சீமைக்குப் போயி மவுத்பீஸா வந்திருக்கு. ஆறு வருஷம் வாயில வச்சு ஊதியிருக்க, என்னன்னு தெரியல."

பேண்டு முழுக்கச் சிரித்தது. கோபால்கூடச் சிரித்தான், அர்த்தம் புரியாமலே. எனக்கு மாஸ்டர் மேல் கோபம், கோபால் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலே பாக்கியத்தின் மேல் கோபம். அவளோடு பேசுவதை நிறுத்தினேன். சோறு போட்டால் சாப்பிட்டேன். அவ்வளவுதான்.

தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்தது. மாஸ்டர் சிங்கப்பூரில் தெரிந்த ஒரு வாத்தியக் கடைக்குச் சொல்லிவிட்டு, பஸ் கண்டக்டர் மூலமாக ஒரு பிஸ்கட் டின்னை வரவழைத்தார். உள்ளே பஞ்சில் சுற்றி ஐந்து மவுத்பீஸ். பார்த்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் திருப்பி அனுப்ப வேண்டும். குறி போட்டால் கீறல் படும் என்று மாஸ்டர் அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூலைக் கட்டினார். சிவப்பு நூல் கட்டியது மரம். மஞ்சள் நூல் கட்டியது வெள்ளி மாதிரி மின்னும் உலோகம். வெள்ளையும் பச்சையும் கறுப்புக் கித்தா. வெள்ளையாவது பளபளப்பாக இருந்தது. பச்சை எத்தனையோ வருஷம் கடை அலமாரியில் கிடந்த மாதிரி மங்கிப்போயிருந்தது. ஐந்தாவது நீல நூல். அது கண்ணாடி. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே தண்ணீர் நிற்கிற மாதிரி இருக்கும்.

எதை எடுக்கப்போகிறேன் என்று டின்னைத் திறந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. ஆனால் அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடாதே, அதனால் சோதனை செய்தேன். நீங்கள் செய்த அத்தனை கூத்தையும் நானும் செய்தேன். ஒரே ரீடைக் கட்டினேன். உதடு மரத்துப்போகும் வரை ஊதினேன். அக்கம்பக்கத்தாரை வாசலில் நிறுத்தி ஓட்டுக் கேட்டேன்.

ஆபீஸில் கணக்கெழுதும் பக்கத்து வீட்டுக் கிராணி, மரத்தில் செய்தது உருக்கமாக இருக்கிறது என்றார். அவர் மனைவி அது காதுக்குள் குத்துகிறது என்றாள். மக்சிக் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே கேட்டார்.

"இந்தக் கடைசி ரெண்டுக்கும் கோழி ஓடல, மணி. மத்ததுக்கெல்லாம் ஓடுது."

"கோழியா மக்சிக் இடம் குடுக்கப் போவுது?"

"எனக்கு முட்டை குடுக்குது. நீ என்ன குடுக்கிற?"

கோபாலைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில். "சாமா சாஜா லா." அஞ்சும் ஒன்றுதான் என்பான். அவனும் அதே இடத்துக்குப் போகிறவன்தான். ஆனால் சொந்த வீடு, அப்பாவுக்கு அரசாங்க வேலை. கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி என்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான்.

இப்படி ஊரையே கேட்ட நான் பாக்கியத்தை மட்டும் கேட்கவில்லை. அவள் அடுப்படியில்தான் இருந்தாள்.

வியாழக்கிழமை சாயந்திரம் மாஸ்டர் சைக்கிளில் வந்தார். அவர் அன்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன், வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

"ஊதறவனுக்குத் தன் மவுத்பீஸ் சத்தம் தெரியாது. மேல் பல்லு அது மேல உக்காந்திருக்கு. பல்லு வழியா மண்டைக்குள்ள போற சத்தத்தைத்தான் நீ கேக்குற. கல்யாண வீட்டுக்காரன் உன் மண்டைக்குள்ளயா உக்காந்திருக்கான்?"

அவர் வைத்த சோதனை இது. நான் அறையைச் சாத்திக்கொண்டு, எனக்குத் தோன்றிய வரிசையில் ஐந்தையும் ஊத வேண்டும். வரிசையைக் காகிதத்தில் குறித்து வைக்க வேண்டும், அவரிடம் சொல்லக் கூடாது. ஒவ்வொன்றிலும் ஒரே பாட்டு, ஒரு தடவை பலமாக, ஒரு தடவை மெல்லமாக. அவர் ரோட்டு முனையில் உள்ள சின்னப் பாலத்தில் நின்று கேட்பார். எது எட்டுகிறது, எது எட்டவில்லை என்று அங்கிருந்து சொல்வார். முகம் பார்க்காமல், சாமானைப் பார்க்காமல் தீர்ப்பு. இதைவிட நேர்மையான சோதனையை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

அந்தச் சோதனையில்தான் நான் ஏமாற்றினேன்.

ஆமாம். எழுதிவிட்டேன். கண்ணாடியை மூன்றாவதாக வைத்தேன். மற்ற மூன்றுக்கும் சாதாரணமாக ஊதினேன். பச்சைக்குப் பாதி மூச்சுக்கூடக் கொடுக்கவில்லை. கண்ணாடிக்கு அடிவயிற்றிலிருந்து எடுத்து ஊதினேன். மெல்லமாக ஊத வேண்டிய முறையிலும் பலமாகவே ஊதினேன். ஏன் என்று கேட்பீர்கள். கித்தாவை விட்டு ஓடி வந்தவன் நான். ஆறு வருஷம் தெரியாமல் அதை வாயில் வைத்திருந்தேன் என்று ஊரே சிரித்துவிட்டது. தெரிந்தே மறுபடியும் வைக்கச் சொல்கிறீர்களா? அரசாங்க பேண்டில் உட்காரப்போகிறவன் வாயில் கண்ணாடி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். என் மண்டைக்குள் அதன் சத்தம் ராஜா நடந்து வருகிற மாதிரி கேட்டது.

மாஸ்டர் திரும்பி வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

"மூணாவதுதான் பலமா எட்டுச்சு. மூணாவது எது?"

"கண்ணாடி, மாஸ்டர்."

"மெல்லமா ஊதுனது எனக்குக் கேக்கலையே. ரெண்டு தடவையும் பலமாத்தான் இருந்துச்சு."

"மெல்லமாத்தான் ஊதினேன். அதுவே அவ்வளவு நல்லா எட்டுது."

அவர் டின்னைத் தன் பக்கம் இழுத்தார்.

"மூச்சு இழுத்த சத்தம் பாலத்துக்கே கேட்டுச்சு" என்றார். பிறகு, "உன் வாய். நீதான் ஊதப் போற" என்று சொல்லிவிட்டு டின்னை மூடப்போனார்.

கோபால் கையை நீட்டிப் பச்சை நூல் கட்டியதை எடுத்துக்கொண்டான். "எல்லாம் ஒன்னுதானே. யாரும் எடுக்காத இதை நான் வச்சுக்கிறேன். என்னோடது ஓரம் உடைஞ்சு போச்சு." மிச்சம் மூன்றும் பஸ் ஏறின.

அந்த நேரத்தில் மாஸ்டர் என்னைத் திட்டியிருக்கலாம். இன்னொரு தடவை ஊதச் சொல்லியிருக்கலாம். அதை நினைத்துப் பல வருஷம் அவர் மேல் குறைப்பட்டுக்கொண்டேன். இப்போது இல்லை. அவர் தெரிந்ததைச் சொல்லிவிட்டார். மூச்சு கேட்டது என்றால் அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

தேர்வு பண்டார் ஹிலிர் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. மேசைக்குப் பின்னால் ஊருக்குப் போகத் தயாராக இருந்த ஒரு வெள்ளைக்கார பேண்ட் மாஸ்டரும், அவர் இடத்துக்கு வரப்போகிற மலாய் அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். கிளாரினெட்டுக்கு ஏழு பேர். முதலில் தனித்தனியாக. நான் ஊதி முடித்ததும் வெளியே நின்ற மற்ற ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். அந்த அளவுக்கு ஊதினேன். மலாய் அதிகாரி தலையை ஆட்டி, "ரொம்பப் பலமா இருக்கு" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு மூன்று பேர், நாலு பேராகப் பிரித்து நிறுத்தினார்கள். என்னோடு கோபாலும் ஜோகூரிலிருந்து வந்த ஒரு சீனரும். பாட்டுக் கிடையாது. ஒரே ஒரு சுரம். மூன்று பேரும் சேர்ந்து பலமாகத் தொடங்கி, வெள்ளைக்காரர் கையைத் தாழ்த்தத் தாழ்த்தக் குறைத்துக்கொண்டே போய், யார் எப்போது நிறுத்தினார் என்று தெரியாமல் முடிக்க வேண்டும்.

கை பாதி தாழும்வரை நான்தான் ராஜா. அதற்குக் கீழே என் கண்ணாடி ஸ்ஸ் என்று காற்றை விட்டது. சுரம் நின்றுவிட்டது. பக்கத்தில் கோபாலின் சத்தம் நூல் மாதிரி இழைந்து போய்க்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை என்றார். அதே இடத்தில் அதே ஸ்ஸ். மூன்றாம் தடவை, நிற்கக் கூடாது என்று கொஞ்சம் அழுத்தினேன். சுரம் குரைத்தது. வெள்ளைக்காரர் காகிதத்தில் எழுதினார்.

அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. திறப்பு அகலமான சாமான் அது. என் ரீடுக்குப் பெரிய மூச்சு கொடுத்தால்தான் பேசும். அதற்கேற்ற மெல்லிய ரீடு தேடிக் கட்டி, நாலு நாள் மெல்லமாக ஊதிப் பழகியிருந்தால் வழிக்கு வந்திருக்கலாம். ஆனால் வாங்கிய நாளிலிருந்து அதனிடம் நான் சின்னச் சத்தம் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. மாஸ்டர் கேள் என்று சொன்ன ஒரே சமயத்தில் ஏமாற்றினேன். அன்று மாஸ்டரைத்தான் ஏமாற்றுவதாக நினைத்திருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் இன்னொரு முறை எல்லாரையும் கூப்பிடுவதாகச் சொல்லி ஒரு மணி நேரம் வெளியே விட்டார்கள். வராந்தாவில் கோபால் தன் மவுத்பீஸைக் கழற்றித் துடைத்து என்னிடம் நீட்டினான்.

"இதுல ஊது. எனக்கு முன்னாடி உன்னைத்தான் கூப்பிடுவாங்க. நீ ஊதிட்டுக் குடு, அப்புறம் நான் ஊதிக்கிறேன்."

"உனக்கு இடம் வேணாமா?"

"வேணும்தான். உனக்கு வீடு ஒழுகுது லா, மணி. எடுத்துக்கோ."

ஒரு மணி நேரம் இருந்தது. அவனுடைய ரீடும் அதிலேயே இருந்தது. வெளியே மரத்தடியில் போய்ப் பத்து நிமிஷம் ஊதிப் பார்த்திருந்தால் போதும், நான் அப்படிப்பட்ட ஊதுகாரன்தான். கையை நீட்டவும் நீட்டினேன். அப்போது அந்தச் சீனர் பார்த்துக்கொண்டிருந்தார், மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் என்னைப் பார்த்துத் தலை குனிந்தவர்கள். அவர்கள் முன்னால் கண்ணாடியைக் கழற்றி அந்த மங்கின கித்தாவை மாட்டுவதா என்று தோன்றியது.

"எனக்கு இதுவே போதும்" என்றேன்.

கோபாலுக்கு இடம் கிடைத்தது. பெயரை வாசித்தபோது அவன் ஏதோ என் பாக்கெட்டில் கை விட்டுப் பிடிபட்டவன் மாதிரி என்னைப் பார்த்தான்.

தம்பிகளே, தங்கச்சிகளே, தோற்றது பெரிய விஷயம் இல்லை. எல்லாரும் ஒரு தடவை தோற்பார்கள். அதற்கடுத்து நான் செய்ததைக் கேளுங்கள். சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தேன். பாக்கியம் வாசலில் நின்றிருந்தாள், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு.

"கிடைச்சிருச்சாங்க?"

"பழசு இருந்திருந்தா கிடைச்சிருக்கும்."

இவ்வளவுதான் சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

பழசு இருந்திருந்தால் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்கலாம். ஆனால் பச்சை நூல் கட்டியது என் கைக்கு இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் நான்தான் தள்ளினேன். அது அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். குற்றம் சுடுதண்ணீரோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து பாக்கியம் என் கிளாரினெட் பெட்டியைத் தொட்டதில்லை. வீடு கூட்டும்போது பெட்டியைச் சுற்றிக் கூட்டுவாள். மூன்று வீடு மாறினோம், சட்டி பானை வரைக்கும் அவள் கட்டினாள், பெட்டியை மட்டும் நான்தான் தூக்குவேன். பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். அவள் மேல் எரிச்சல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோபால் கோலாலம்பூருக்குப் போகும் அன்று காலையில் வந்தான். அங்கே எல்லாம் புதுசாகக் கொடுக்கிறார்கள், இது எனக்கு எதற்கு என்று பச்சை நூலை என் கையில் வைத்துவிட்டுப் போனான். பிள்ளை பிறந்த வாரம் அது. ஒரு மாதம் தொடவில்லை. அப்புறம் ஒரு நாள் வேறு வழியில்லாமல் மாட்டினேன். நான் ஊதிக் கேட்டிருக்கிறீர்களே, அந்தச் சத்தம் அதுதான். மாஸ்டருக்குப் பிறகு இந்த பேண்டை நான் நடத்தியதும், மூவாரிலும் சிரம்பானிலும் கல்யாண ஊர்வலத்தை நடுரோட்டில் நிறுத்திவைத்து ஜனங்கள் என்னிடம் இன்னொரு பாட்டுக் கேட்டதும் எல்லாம் அந்த மங்கின கித்தாவினால்தான். யாராவது கேட்டால் லண்டன் சாமான் என்பேன். அது பொய்யில்லை, கழுத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

இனிப் போன மாதத்துக்கு வருகிறேன். நீங்கள் பதினொரு மவுத்பீஸோடு போன பிறகு நான் நாற்காலியில் உட்கார்ந்து உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாக்கியம் முறத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்தக் கதையை ஏன் அதுங்களுக்குச் சொல்லல?" என்றாள்.

"எந்தக் கதை?"

"கண்ணாடிக்கு மட்டும் வயிறு முட்ட ஊதுன கதை."

அவள் ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டாள்.

"பலகைச் சுவத்துக்கு இந்தப் பக்கம் நான்தானே இருந்தேன். மத்த நாலுக்கும் ஒரு மூச்சு, அதுக்கு மட்டும் மூணு மூச்சு. பாலத்துல நின்ன மாஸ்டருக்கே கேட்டுச்சுன்னா, எனக்குக் கேக்காதா?"

"அப்பவே தெரியுமா?"

"அப்பவேதான்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல? அந்த இடம் போயிருக்காதே."

"வேக வச்சவ எந்த மொகத்தோட சொல்றது? அந்தப் பதினோரு நாளும் நீங்க எங்கிட்ட பேசினீங்களா? ஊரையே கேட்டீங்க. கோழியைக்கூடக் கேட்டீங்க."

எனக்கு மறுபடியும் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் தெரிந்துகொண்டே பெட்டியைச் சுற்றிக் கூட்டினாளே என்று கோபம். யார் மேல் என்று இந்தத் தடவை கொஞ்சம் தெளிவாகவே தெரிந்தது.

"பழசு போனதாலதான்னு நான் சொன்னது பொய்" என்றேன்.

"அதான் தெரியும்னு சொல்றேனே."

"உனக்கு அன்னிக்கு எது நல்லாக் கேட்டுச்சு?"

"நாலாவது. அரை மூச்சுல ஊதினீங்களே, அது. அரை மூச்சுக்கே அடுப்படி வரைக்கும் வந்து நின்னுச்சு."

நாலாவது பச்சை. அந்த வரிசைக் காகிதம் எப்போதோ போய்விட்டது. நான்கூட யோசித்துத்தான் நினைவுக்குக் கொண்டுவந்தேன்.

ஆகையால் உங்களுக்கு நான் சொல்வது இது. பெரிய சத்தம் எந்த மவுத்பீஸிலும் வரும், அது உங்கள் வயிற்றின் வேலை. அதனிடம் சின்னச் சத்தத்தைக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தக்க ரீடைக் கட்டுங்கள். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் ஊதாதீர்கள். கேட்கிறவர் நீங்களாக இருக்கக் கூடாது, நானாகவும் இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு வாருங்கள். முன்னறையில் ஊதுங்கள். பாக்கியம் அடுப்படியில் இருப்பாள். அவளிடம் போய்க் கேளுங்கள். கேட்டலாக்கை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

அன்றைக்குப் பாக்கியம் நெத்திலியை ஆய்ந்து முடித்து, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பெட்டியைக் கொஞ்சம் நகத்துங்க. கூட்டணும்."

"நீயே நகத்து" என்றேன்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்து, பெட்டியைத் தூக்கி நாற்காலி மேல் வைத்தாள்.

"லேசாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அது இருந்த இடத்தைக் கூட்டினாள்.